அழைப்பு இல்லாத வீடு

தியுன்,
நவம்பர் 9

பாரமியின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். மழை நின்றுவிட்டது. ஆறு நிற்கவில்லை. கரையைத் தின்றுகொண்டு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வரை வந்தது. மூங்கில் சுவர்களைப் பிரித்து, விகாரையின் பக்கம் நகர்த்திக் கட்டினோம். நீ கணக்குப் போட்ட கரும்பலகை பத்திரம்.

தினமும் பெயர் கூப்பிடும்போது பாரமியின் பெயரையும் கூப்பிடுகிறேன். பிள்ளைகள் ஒரே குரலில் "பெங்களூரு" என்கிறார்கள். முதலில் எல்லாரும் சிரித்தோம். இப்போது சிரிப்பதில்லை.

நேற்று பக்கத்து வீட்டுச் சோனாபி வந்தாள். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தப் போகிறாளாம். ஏன் என்று கேட்டேன்.

"ஒங்க மக பெங்களூர்ல இங்கிலீஷ் படிக்கிது மாஸ்டர். எங்க மக மட்டும் இங்க குந்தி நம்ம சக்மா எழுத்தக் காப்பாத்தணுமா?"

நாம் இருவரும் சேர்ந்து கட்டிய பள்ளி இது. பாரமியை அனுப்பி வை. ஜனவரியில் புது வகுப்பு. அவள் முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும், மற்றவர்கள் போகமாட்டார்கள்.

திகேன்

*

பெங்களூரு,
நவம்பர் 27

பாரமியின் அப்பாவுக்கு,

முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும். இந்த வரியை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வார்டில் ஊசி போடும்போதும் அதுவே ஓடியது. உனக்கு வேண்டியது மகளா, சாட்சியா?

நம் முதல் வகுப்பு ஜொனாகியை நினைவிருக்கிறதா? இங்கே என் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை நாம் படிக்க வைத்தோம். அங்கீகாரம் இல்லாத பள்ளியின் சான்றிதழை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள அரசுப் பள்ளிக்கூடம் வாங்கிக்கொள்ளவில்லை. ஆறாம் வகுப்பில் சேர்க்க வசிப்பிடச் சான்றும் கேட்டார்கள். அறுபது வருஷமாக அகதி என்றே எழுதப்படுகிற நம் சக்மாக்களிடம் அது ஏது? அவள் என்னிடம் சொல்வாள்: "நம்ம எழுத்துல இன்னும் பாட்டு எழுதுவேன் டீச்சர். துணி எண்ணிக்கைய இங்கிலீஷ்ல எழுதத்தான் வரல."

சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். நான்தான் தாழ்வாரத்தில் வேறு வழியாகப் போகிறேன்.

பாரமிக்குச் சளி போய்விட்டது. வகுப்பில் அவளைச் சீனாக்காரி என்கிறார்கள். "ஆமா, எங்க சீனாவுல யானை வரும்" என்றாளாம். அதையும் ஆங்கிலத்தில். இப்போது தண்ணீர் கேட்பதும் ஆங்கிலத்தில்தான். அவள் எதை விடுகிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நீ அனுப்பிய சிதோல் வந்தது. மீன் புளித்த வாசனை மாடி முழுக்க ஏறி, எலி செத்துவிட்டதா என்று வீட்டுக்காரம்மா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சமைத்தேன்.

அவளை அனுப்பமாட்டேன்.

உத்பலா

*

தியுன்,
பிப்ரவரி 20

அன்புள்ள உத்பலா,

சாட்சி என்றாய். ஒரு வாரம் உன்மேல் கோபம். அப்புறம் அது வேறு பக்கம் திரும்பிவிட்டது.

சோனாபி மகளை நிறுத்திவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சில வீடுகள். வகுப்பில் நின்றால் ஆற்றின் சத்தம் கேட்கிறது. ஆற்றங்கரைக்குப் போனால் வகுப்பின் சத்தம். எங்கும் கால் தரிக்கவில்லை. கூரை வேய்கிறேன், பாதியில் இறங்கிவிடுகிறேன். படிக்க எடுத்த புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன். கையிலேயே இருக்கிறது.

ஜொனாகியின் முகம் நினைவிருந்தது. பெயரை நீ சொல்லித்தான் பொருத்தினேன்.

ஏப்ரலில் பிஜு வருகிறது. இந்தப் புத்தாண்டுக்கு நீயும் பாரமியும் அவசியம் வந்து கலந்துகொள்ள வேண்டும் என்று அன்போடு அழைக்கிறேன். தின்சுகியா ரயில் நிலையத்தில் காத்திருப்பேன். உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

திகேன்

*

பெங்களூரு,
மார்ச் 11

பிஜுவுக்கு என்னை அழைத்திருக்கிறாய்.

நம்மில் யார் யாரை பிஜுவுக்கு அழைத்திருக்கிறோம்? கதவு திறந்திருக்கும். கிடைத்த காயெல்லாம் போட்டு பாஜன் கொதிக்கும். வருகிறவர் வருவார். வரப்புச் சண்டையில் ஒரு வருஷம் பேசாமல் இருந்தவன்கூட வந்து உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டுவான். ஏன் வந்தாய் என்று எந்த வீட்டிலும் கேட்கமாட்டார்கள். பாரமி நடக்கத் தொடங்கிய வருஷம் ஏழு வீட்டிலும் தின்றுவிட்டு எட்டாவது வீட்டில் தூங்கிப்போனாள். அது யார் வீடு என்று நாம் கவலைப்பட்டோமா?

அழைப்பு வெளியாருக்கு. போன வருஷம் கல்வி அதிகாரிக்கு எழுதினாயே, வந்து கலந்துகொள்ள வேண்டும் என்று. அதே சொற்கள்.

ஜொனாகியிடம் காட்டினேன். சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் யோசிக்காம எழுதிருப்பாரு டீச்சர்" என்றாள்.

யோசிக்காமல் எழுதியதுதான் வலிக்கிறது.

நாங்கள் வரவில்லை.

உத்பலா

*

தியுன்,
ஏப்ரல் 2

பாரமியின் அம்மாவுக்கு,

மன்னிப்பு என்று எழுதினேன். அதுவும் அலுவலகக் கடிதம் போலவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

இன்று காலை பாரமியின் பெயரைக் கூப்பிடவில்லை. பிள்ளைகள் பெங்களூரு சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். அடுத்த பெயருக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தப் பெயரைக் கேட்கவேண்டும் போல இருந்தது.

போன வாரம் விகாரையில் பெற்றோர்களைக் கூட்டினேன். என் மகள் இங்கே வரமாட்டாள், அவள் அம்மா செய்தது சரி என்று சொன்னேன். இங்கே தருவதற்குச் சான்றிதழ் இல்லை, நம் எழுத்தும் கதைகளும் கொஞ்சம் கணக்கும்தான் உண்டு, போக முடிந்தவர்கள் அக்கரைக்குப் போகட்டும், அதற்கு முன்னால் காலையில் ஒரு மணி நேரம் என்னிடம் விடுங்கள் என்றேன். சோனாபி எழுந்தாள்.

"இத மொதல்லயே சொல்லிருந்தா நான் சண்டையே போட்டிருக்க மாட்டேனே மாஸ்டர்."

மறுநாள் அவள் மகள் வந்தாள். ஈரத் தலையோடு, அக்கரைப் பள்ளியின் சீருடையில்.

ஆக, பள்ளி இப்போது ஒரு மணி நேரம்தான். அதன்பிறகு நாள் நீண்டு கிடக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளைகளைப் படகுத்துறை வரை கொண்டுபோய் விடுகிறேன். படகு போன பிறகும் நிற்கிறேன்.

பிஜுவைப் பற்றி இதில் எதுவும் எழுதப் போவதில்லை.

பாரமியின் அப்பா

*

பெங்களூரு,
மே 21

பாரமியின் அப்பாவுக்கு,

பிஜு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. இன்னொரு நர்ஸோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். பாஜனில் போடப் பிரம்புக் குருத்துக்கு எங்கே போவது? பலாப்பிஞ்சு கிடைத்தது. முருங்கைக்காய்கூடப் போட்டேன், நீ திட்டுவாய். கடைசித் துண்டு சிதோலும் போனது. எங்களுக்கு மட்டும் சமைக்கத்தான் நினைத்தேன். கை பழக்கத்தில் பெரிய பாத்திரத்தை எடுத்துவிட்டது.

கதவைத் திறந்தேன். காற்றில் அது மூடிக்கொண்டே இருந்தது. பாரமி கீழே போய் ஒரு செங்கல் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. முதலில் ஜொனாகி வந்தாள். அப்புறம் அவளோடு துவைக்கிறவர்கள். அழகு நிலையங்களில் வேலை செய்யும் நம் பெண்கள். காவலாளிச் சீருடையோடு நம் பையன்கள். உட்கார இடமில்லாமல் படிக்கட்டில் நின்று தின்றார்கள். இத்தனை பேர் இந்த ஊரில் நம் மொழியில் பசிக்கிறது என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா மேலே வந்து, இவர்களையெல்லாம் யார் கூப்பிட்டது என்று கேட்டார். பாரமி அவர் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தாள்.

"யாரும் கூப்புட மாட்டாங்க ஆன்ட்டி. நாமளா வரணும்."

அவரும் தின்றார். எலி நன்றாக இருக்கிறது என்றார். எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு பாத்திரம் காலி. இருந்தும் வந்தார்கள், இந்தமுறை பிள்ளைகளோடு. ஜொனாகி தரையில் சாக்பீஸால் முதல் எழுத்தை எழுதினாள். நான் கணக்கை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாரமி முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் சொல்லவில்லை.

பள்ளியை விட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற எழுத்துப் புத்தகங்கள் உன்னிடம் இருக்கும். தபாலில் போட வேண்டாம், நனைந்துவிடும். யாராவது கையில் எடுத்துவந்தால் நல்லது.

ஜூலையில் உனக்கு மழை விடுமுறை. ஞாயிறு காலையானால் பாரமி செங்கல்லைக் கதவுக்கு வைத்துவிடுகிறாள்.

உன்னை நான் அழைக்கவில்லை.

பாரமியின் அம்மா