உயரம் பாய்ந்த கால்

பாசையூர்,
04.02.2024

என் தங்கச்சி பெர்னடெட்டுக்கு,

இதில் உள்ள எழுத்தெல்லாம் என்னுடையது. வேறு ஒருவரும் கை வைக்கவில்லை! நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்களைப் பெற்ற அப்புவோடு கடலுக்குப் போன உன் அண்ணன், எழுபத்தொன்பது வயதில் கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் எழுதப் பழகிவிட்டான். கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு நின்று இரண்டு தரம் பஸ்ஸைத் தவறவிட்டேன். சண்டைக் காலத்தில் செல் விழுந்து வெடித்த நாளில் போன காது, போனில் நீ கத்தினாலும் கேளாது. இனி நாங்கள் இப்படிக் கதைக்கலாம்.

உன் மகள் லவீனா பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்தாள். சீனி வருத்தத்தால் உன் இடது கால் பழுதாகிவிட்டதாம். முழங்காலோடு எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்தாம். நீ சம்மதிக்கிறாய் இல்லையாம். ஏன் பிள்ளை?

கொழும்பில் நீ நின்ற ஐந்து நிகழ்ச்சிப் போட்டியை நினைத்துப் பார். தடை தாண்டினாய், குண்டு எறிந்தாய். உயரம் பாய்தலில் மூன்று தரமும் தடி விழுந்தது. சைபர். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஐந்தின் புள்ளிகளையும் கூட்டித்தான் பார்ப்பார்கள் என்று நடுவர் சொல்லித்தானே தெரிந்தது. மறுநாள் நீளம் பாய்ந்தாய், இருநூறு மீற்றரும் ஓடினாய். ஐந்தையும் கூட்டியபோது நீ கடைசி ஆளாக வரவில்லை.

ஒன்று போனாலும் மற்றவை இருக்கின்றன. சம்மதம் சொல்.

உன் அண்ணன்,
லெனாட்

ரொறன்ரோ, கனடா,
27.02.2024

அன்பு அண்ணைக்கு,

உறையைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். உங்கள் எழுத்து ஒவ்வொன்றும் கரையில் காயப்போட்ட மீன் மாதிரித் தனித்தனியாகக் கிடக்கிறது. லவீனாவுக்குக்கூடக் கொடுக்காமல் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஆனால் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். சைபர் விழுந்ததும் வேலிக்கு வெளியே நின்று அழுதது யார்? "காணும் பிள்ளை, நீ பட்டது காணும். வா, வீட்டை போவம்" என்று, பட்டபாடு போதுமென்று வீட்டுக்குக் கூப்பிட்டது யார்? "ஊருக்குப் போற கோச்சி ரெயில் நாளைக்கும் ஓடும் அண்ணை, வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ" என்றேன் நான்.

இந்த இடது காலைத்தான் மணலில் ஊன்றி எழும்புவேன். இரண்டு வள்ளங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அந்தப் பக்கம் வலைகளைக் குவித்து வைப்பீர்கள். விழுந்து எழும்பினால் உடம்பெல்லாம் மீன் செதில். வலையைக் குலைத்ததற்கு அப்புவிடம் அடி வாங்கியது நீங்கள்.

எனக்குக் களைத்துவிட்டது அண்ணை. டாக்டர், மகள், சுவாமியார் எல்லோரும் இன்னும் என்னைப் பாயச் சொல்கிறார்கள். காணும் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. அன்று நீங்கள் சொன்னதை ஒருமுறை எழுதி அனுப்புங்கள். அதை வாசித்துவிட்டு முடிவு சொல்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
பெர்னடெட்

பாசையூர்,
21.03.2024

என் பெர்னடெட்,

எழுதத் தெரியாதவனாகவே இருந்திருந்தால், எழுத வராது என்று தப்பியிருப்பேன்.

வகுப்பில் சும்மா இருந்தேன். "என்ன லெனாட் ஐயா, இண்டைக்குக் கை ஓடேல்லையோ?" என்று படிப்பிக்கிற சிஸ்டர் காதுக்குக் கிட்ட வந்து உரத்துக் கேட்டா. "ஒரு சொல் வருகுதில்லை, சிஸ்டர்." "சொல்லுங்கோ, எழுதிக் காட்டிறன்." "வேண்டாம், எழுத்துத் தெரியும்" என்றேன்.

பிறகு கரைக்குப் போய் இரண்டு வள்ளங்களுக்கு நடுவே நின்றேன். அன்று கயிறு உயரம் என்றால் இறக்கிக் கட்டினேன். நீ விழுவாய் என்றால் வலையை இன்னும் குவித்தேன். இப்போது உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கக்கூட என்னால் முடியாது. கையில் இருப்பது இந்தப் பேனை ஒன்றுதான். அதையும் நீ இதற்குக் கேட்கிறாய்.

உன் சொல்லை என்றைக்குத் தட்டினேன்? எழுதுகிறேன்.

காணும் பிள்ளை, நீ பட்டது காணும். வா, வீட்டை போவம்.

எழுதிவிட்டேன். அன்று நான் சொன்னதை நீ கேட்கவில்லை. அந்தத் துணிவில்தான் எழுதினேன். இந்த முறையும் என் சொல்லைக் கேளாதே.

வேலிக்கு வெளியே நிற்கும்
உன் அண்ணன்,
லெனாட்