விளக்குக்கு அடியில் இருந்த தாள்

மாமா,

சோறு குக்கரில் இருக்கிறது. நெத்திலி சம்பல் சிவப்பு மூடி டப்பாவில். பத்து மணிக்குத் தங்கராஜு அண்ணன் வந்து உங்களைக் காரில் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார். கேட்டைப் பூட்டச் சொல்லுங்கள்.

உங்கள் பிரஷர் மாத்திரைப் பெட்டியில் இருந்த விளக்கத் தாளைக் காலையில் தேடினேன். எண்ணெய் சிந்தாமலிருக்க அதை மடித்து விளக்குக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். என் தேன்மொழி படத்துக்கு முன்னாலேயா, மாமா?

புது மாத்திரை சாப்பிட்டு அவளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு எழும்பியபோது, அந்த மாத்திரையின் தாளைப் படித்துப் பார்க்கலாம் என்றாள். "அத படிச்சா இல்லாத சீக்கெல்லாம் வந்துரும்லா. சூடுதான், சந்தனம் பூசும்மா" என்றீர்கள். அப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. தடிப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. அவள் போன பிறகுதான் நாம் அதைப் படித்தோம்.

உங்கள் தாளை எண்ணெய்க் கறையோடு படித்துவிட்டேன். இந்த மாத்திரையால் வறட்டு இருமல் வரலாம், வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று போட்டிருக்கிறது. நீங்களோ இத்தனை நாளாக இருமிக்கொண்டு கடையில் வாங்கிய சிரப்பைக் குடிக்கிறீர்கள்!

இந்தத் தாள்களை மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும்தான் அச்சடிக்கிறார்கள். நம் ஆட்கள் எப்படிப் படிப்பார்கள் என்று எவனும் யோசிப்பதில்லை. முக்கியமானதைத் தமிழில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

ஜீவன்

பி.கு. தாளைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். விளக்குக்கு அடியில் சில்வர் தட்டு வைத்திருக்கிறேன். இந்தச் சுவரில் இன்னொரு படம் மாட்ட என்னால் முடியாது.