செவலைக்கு இட்லி கிடையாது

என் கோபக்காரருக்கு,

செவலையை விற்கவில்லை. கடிதத்தை உடனே மடித்துவிடாதீர்கள்.

"பால் வத்துன கெழட்டு மாட்டை வித்துட்டுக் கூப்புடு, வரேன்" என்று சொல்லிவிட்டு ஓசூருக்கு வண்டி ஏறினீர்கள். பால் குறைந்ததற்குக் காரணம் அதன் வயது இல்லை, நம் தெருவின் பக்திதான். வரதர் கோயிலிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்ற மாட்டுக்குக் கோயில் இட்லியும் பொங்கலும் ஊட்டிக் கும்பிட்டுப் போனார்கள். புண்ணியம் அவர்களுக்கு, வயிற்றுப் புளிப்பு செவலைக்கு. அசைபோடுவதையே மறந்திருந்தது.

மாட்டு மருத்துவரைக் கேட்டுக் கொல்லையில் மாற்றிக் கட்டினேன். பசும்புல்லும் வைக்கோலும் வயிறு நிறைய, பிண்ணாக்கும் தவிடும் அளவாக, தண்ணீர் எப்போதும்.

பக்கத்து வீட்டு அலமு அக்கா இட்லித் தட்டோடு கொல்லைக்கே வந்துவிட்டார். "கோமாதாவுக்குப் போயி பத்தியமாம்மா? பாவம் சும்மா வுடாது!"

"இட்லிய எனக்குக் குடுங்கக்கா. அதுக்குப் புல்லு குடுங்க."

முறைத்துவிட்டுப் போனவர், மறுநாள் புல்கட்டோடு வந்தார்.

இன்று காலை நுரை வாளியைத் தாண்டி வழிந்தது. நீங்கள் அனுப்பிய மாட்டுத் தரகர் அதைப் பார்த்துவிட்டு, "இதையா விக்கச் சொன்னாரு உங்க வூட்டுக்காரரு?" என்று சிரித்தார். காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

உங்களைத் திருப்பி அனுப்பமாட்டேன். காபிக்கு வாருங்கள்.

கொல்லையிலிருந்து,
உங்கள் பிடிவாதக்காரி