படகுக்கு வந்த வீட்டோட மாப்பிள்ளை

மார்ச் 3, செவ்வாய்

இனிமேல் சுக்கான் பிடிக்கவே கூடாது என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தோள் மூட்டு தேய்ந்துவிட்டதாம். எங்கள் படகை இத்தனை வருஷமாக ஓட்டுவது நான். வீட்டுக்காரர் சமைப்பார், கயிறு கட்டுவார், வாய் நிறையப் பாராட்டுவார். கடலில் சுக்கானைக் கொடுத்தால் மட்டும் பயந்து விலகிக்கொள்வார். மகள் போனில், "பேசாம வித்துடுங்கம்மா" என்றாள். எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில்!

அவர் ஒரு காந்தப் பட்டை வாங்கி வந்து தோளில் கட்டிவிட்டார். கூடவே ஆட்டோபைலட்டுக்கும் சொல்லிவிட்டாராம்.

மார்ச் 9

எலெக்ட்ரீஷியன் வந்து பொருத்தினார். சுக்கானுக்கு ஒரு மோட்டார், மேலே சின்னத் திரை, கீழறையில் என் படுக்கைக்கு அடியில் திசைகாட்டிப் பெட்டி. "திசையை வச்சு பட்டனை அமுக்குங்கக்கா, மத்ததை அது பார்த்துக்கும்."

உட்கார்ந்த இடத்தில் எங்கள் பேட்டரியைத் தின்பதால் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தோம். வீட்டோட மாப்பிள்ளை.

மார்ச் 10

திசைகாட்டி பழகுவதற்கு மெதுவாக வட்டமடிக்க வேண்டுமாம். துறைமுகத்துக்குள்ளேயே அவர் சுற்றினார். ரோந்துப் படகு பக்கத்தில் வந்து, "என்ன சார், ஏதாவது தொலைஞ்சு போச்சா?" மானம் போயிற்று.

மார்ச் 14

கடலுக்குப் போனோம். குட்டி அலைக்கெல்லாம் மாப்பிள்ளை பதறிப் பதறிச் சுக்கானைத் திருப்பினார். திரையில் அவர் திருப்பும் வேகத்தை இரண்டு புள்ளி குறைத்தேன். அடங்கினார். கோடு போட்ட மாதிரி போனார்!

நிம்மதியாகக் கீழே போய்ப் படுத்தேன். படகு திரும்புகிறது. அடித்துப் பிடித்து மேலே ஓடினால், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நேராகப் போகிறார்.

மார்ச் 15

இன்றும் அதே கூத்து. நான் நின்றால் யோக்கியர், படுத்தால் வேலையைக் காட்டுகிறார். "மாமியார் கண்ணெதிர்ல இருந்தாத்தான் பயம்" என்கிறார் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வரல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகை வாங்கப் பார்க்க ஆள் வருதாம், மகள் ஏற்பாடு. ஓய்வே எடுக்காம எத்தனை மணி நேரம் பக்கத்துல நிப்பேன்? வித்துத்தான் ஆகணுமா?

மார்ச் 16

தூக்கமில்லை.

மார்ச் 18

அவரைப் படுக்கச் சொன்னேன். படகு நேர். நான் படுத்தேன் — திரும்பியது. மேலேயிருந்து கத்துகிறார்: "எழுந்திரு! ஆங், நேராயிடுச்சு. படு! திரும்புது!" என் எடையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். முறைத்தேன்.

அவரிடம் இல்லாதது என்னிடம் என்ன இருக்கிறது?

அடக் கடவுளே. பட்டை! திசைகாட்டிக்கு மேலேயே காந்தத்தைக் கட்டிக்கொண்டு புரண்டிருக்கிறேன். பாவம் மாப்பிள்ளை, எத்தனை திட்டு.

கழற்றிக் கொடுத்தேன். ஆசையாக வாங்கியவர் முகம் தொங்கிவிட்டது. "வலி போயிடுச்சுங்க, இனி தேவையில்லை" என்று ஒரு பொய் சொன்னேன்.

மார்ச் 22, ஞாயிறு

மகள் போனில் பொரிந்து தள்ளினாள். வாங்க வந்தவர் துறையில் போய்ப் பார்த்தால் அங்கே படகே இல்லையாம். காலையில் அப்பாவுக்குப் போன் போட்டாளாம், "தீவுப் பக்கம் போயிட்டிருக்கோம். மேலே நான்தான் காவல். அம்மா தூங்குறா, எழுப்ப மாட்டேன்" என்று வைத்துவிட்டாராம்.