கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணியெல்லாம் வீட்டுக்குள்.

டிவி நாடகத்தில் ஒரு சின்ன வேடம். மனோவசிய மருத்துவர் ஒருவர்தான் கதாநாயகன். அவரிடம் வரும் நோயாளி நான். அவர் ஹிப்னாட்டிசம் செய்து கேட்க, பக்கத்து வீட்டு நகையைத் திருடியதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றரைப் பக்க வசனம். பல் கிளினிக்கில் அரைநாள் லீவு சொல்லியாச்சு.

திருச்சியிலிருந்து அக்கா போன். "மாப்பிள்ளை எங்கடி?"

"ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கார்க்கா."

சேகர் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் மூன்று வருஷம். ஊரில் யாருக்கும் தெரியாது.

நவ. 6, வியாழன்

படப்பிடிப்பு. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் கீழே கடை வைத்த ஒரு வீட்டின் மாடி. ஏசி இல்லை. மூன்று டேக், வசனம் ஒட்டவே இல்லை. இயக்குநர் சின்ன வயசுக்காரர்.

"ஆன்ட்டி, ஸ்கிரிப்டை விடுங்க லா. கண்ணை மூடுங்க. மனசுல வர்றதைச் சொல்லுங்க."

மருத்துவராக நடிப்பவர் கேட்டார்: "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. சேகர் பெட்டியோடு லிஃப்டில் இறங்கியது. தீபாவளிக்கு அவர் எடுத்ததாகச் சொல்லி அக்காவுக்கு நானே புடவை அனுப்பியது. எல்லாம்.

கண் திறந்தால் மேக்கப் பெண் மூக்கை உறிஞ்சுகிறாள். "சூப்பர் ஆன்ட்டி, எப்படி நடிச்சீங்க" என்றார் இயக்குநர். சிரித்து வைத்தேன்.

நவ. 7, வெள்ளி

கிளினிக்கில் கூட்டம். இரண்டு பேருக்கு அப்பாயின்ட்மென்ட் மாற்றிக் கொடுத்துவிட்டேன். திட்டு.

அக்கா ஆன்லைனில் நான் வரும் நாடகம் ஒன்றையும் விடமாட்டாள். பக்கத்து வீட்டையும் கூப்பிட்டு வைத்துப் பார்ப்பாள். அந்தக் காட்சியை எடுத்துவிட முடியுமா என்று இயக்குநருக்கு மெசேஜ்.

பதில்: "ஏன் ஆன்ட்டி? அதான் பெஸ்ட் சீன்."

நான் எழுதியது: "சரி, இருக்கட்டும்."

நவ. 9, ஞாயிறு

வெயில். தேக்கா சந்தையில் மீன், முருங்கைக்காய்.

நாடகம் பார்த்து அக்கா தெரிந்துகொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"எத்தனை வருஷம்டி ஆச்சு?"

"மூணு."

"நடுவுல உடம்பு சரியில்லாமப் போனப்ப யாரு பாத்துக்கிட்டா?"

போன வருஷம் டெங்கு. நான்கு நாள் ஆஸ்பத்திரி, தனியாக. அதையும் சொன்னேன். அழுதாள். அழுது முடித்துத் திட்ட ஆரம்பித்தாள். என்னை, அவரை, மறுபடி என்னை. முக்கால் மணி நேரம்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டு மீன் கழுவினேன். வீட்டில் ஆள் பேசும் சத்தம்.