வெட்டினால் அழியாது

ஒஷாவா நகரத்துக்குப் போகும் பஸ்ஸுக்குத் தவமலருக்கு நேரமாகிவிட்டது. கணவர் குலேந்திரன் இன்னும் எழும்பவில்லை. அவள் ஒரு சீட்டை எழுதி அவருடைய கணினித் திரையில் ஒட்டினாள். நேற்று, விழா நடத்தும் சங்கத்து ஆட்களுக்கு முன்னால் அவள் மவுஸைத் தொட்டதற்கு அவர் கத்தியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

“இஞ்சருங்கோ, புட்டும் மீன்குழம்பும் அடுப்பிலை இருக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

விழா மண்டபம் மாறினதுக்கு, அழைப்பிதழிலை ஒவ்வொரு இடமாத் தேடித் திருத்த வேண்டாம். கொன்ட்ரோல் கீயையும் ‘எச்’ கீயையும் சேர்த்து அமத்துங்கோ. எல்லா இடத்திலையும் ஒரேயடியா மாத்தலாம்.

வெளியிலை போனால் வீட்டுத் திறப்பை மறக்காதேங்கோ.

மலர்”

பெயருக்குக் கீழே மிஞ்சிய இடத்தில் பொடி எழுத்தில் நெருக்கினாள்:

“எழுதினதை அழிக்க நீங்கள் எப்பவும் கொன்ட்ரோல் எக்ஸ்தான் அமத்துறியள். அது வெட்டி எடுத்து வைக்கிறது, அதாலை அழியாது. விண்டோஸ் கீயோடை ‘வீ’ கீயை அமத்தினால், வெட்டினதெல்லாம் வரிசையா வரும். விடிய அமத்திப் பாத்தன். என்னட்டை மன்னிப்புக் கேட்டு நாலு விதமா எழுதி, நாலையும் வெட்டியிருக்கிறியள். மூண்டாவதுதான் நல்லாயிருக்கு. அதை அனுப்பிவிடுங்கோ.”