நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்

2012 அக்டோபர் 29, திங்கள்

இன்று நாற்பத்தொரு பேர். அதில் இருபத்தாறு பேர் பழைய அடையாள அட்டையை மாற்ற வந்தவர்கள். ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து பழையது செல்லாது என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு இப்போதுதான் அவசரம் வந்திருக்கிறது.

காவல் நிலையத்தின் குடும்பப் பதிவு ஜன்னலில் உட்கார்ந்து நான்கு மாதம் ஆகிறது. பட்டம் வாங்கியவள் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஒப்பந்த ஊழியர் என்பதை மட்டும் சொல்லவில்லை. சீருடை பக்கத்து நாற்காலி லோங் அக்காவுக்குத்தான்.

காலையில் ஒரு தாத்தா 1987-இல் எழுதிய அட்டையைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் மஞ்சளாகி, ஓரமெல்லாம் பிரிந்திருந்தது. பேரும் ஊரும் பேனாவால் எழுதியது. எழுதியவருக்கு அழகான கையெழுத்து.

"இதுல இருக்கிற பையன் யாரு தாத்தா?" என்றாள் லோங் அக்கா.

"என் மருமக இதைப் பார்த்ததே இல்லே. பார்த்திருந்தா இவ்வளவு திட்டு வாங்கியிருக்க மாட்டேன்" என்றார்.

எனக்குப் பிடித்தது அந்தக் கையெழுத்துதான். பிறகு வந்தவை கம்ப்யூட்டரில் அடித்தவை, பதினைந்து இலக்க எண் கொண்டவை. பிறகு எண் பதினெட்டானது. இப்போது உள்ளே சில்லு வைத்த அட்டை, வண்ணப்படம். ஒன்று மட்டும் மாறவில்லை. எங்கே பிழைக்கப் போனாலும், குடும்பப் பதிவு இருக்கும் ஊருக்கே வந்துதான் அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுப் பதிவேட்டில் மூன்று பக்கம். முதல் பக்கம் அப்பா. மூன்றாவது நான், ஹாய்தாங். நடுவில் அம்மா, பெங் ரூய்லான். தெற்கே தொங்குவான் நகரத்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கு வந்து பத்து வருடம் ஆகப்போகிறது. அவள் கையில் இருப்பது 1997-இல் எடுத்த பழைய அட்டை.

அவளும் வந்தாக வேண்டும்.

இதற்காகத்தான் இந்த வேலைக்கு மனு போட்டேனா? இல்லை என்று எழுதலாம். எழுத மாட்டேன்.

நவம்பர் 8

அட்டைப்படி இன்று அம்மாவின் பிறந்தநாள். அது சந்திர மாதத் தேதி. பதிவு செய்த கிளார்க் அதை அப்படியே ஆங்கிலத் தேதியாக எழுதிவிட்டார். அந்தக் காலத்து ஆட்கள் பாதிப் பேருக்கு இப்படித்தான். உண்மையான நாள் இன்னும் ஒரு மாதம் தள்ளி வரும். எந்த நாளில் போன் செய்வது என்று யோசித்து யோசித்து, எந்த வருடமும் இரண்டு நாளிலும் செய்ததில்லை.

நவம்பர் 14

லோங் அக்கா பிடித்துவிட்டாள்.

"என்னடி, தினம் மத்தியானம் ஒரே பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிற? யார் திறந்தாங்கன்னு மெஷின் குறிச்சு வைக்கும், தெரியுமில்லே?"

முகம் சூடாகிவிட்டது. திரையில் அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம். முப்பது வயது. கேமராவைப் பார்க்காமல், அதற்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பது போல இருக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. ஒருவேளை நான்தான் அங்கே நின்றேனோ? நினைவில்லை.

"எங்க அம்மா" என்றேன்.

அக்கா ஒரு ஆரஞ்சை உரித்தாள். பாதியை என் பக்கம் தள்ளினாள்.

நவம்பர் 27

கைரேகை இயந்திரம் வந்துவிட்டது. இனி புது அட்டைக்குள் ரேகையும் போகுமாம். நாள் முழுக்க மற்றவர்கள் விரல்களைப் பிடித்து அழுத்தினேன். விவசாயிகளின் விரல்கள், சமையற்காரரின் விரல்கள். எனக்குக் கூச்சம். அவர்களுக்கு என்னைவிடக் கூச்சம்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் இயந்திரச் சத்தம்.

"அட்டை மாத்தணும்மா. இந்த மாசம் போனா ஒரே மாசம்தான்."

"டிவியில பார்த்தேன். லீவு கேட்டிருக்கேன்."

"எப்போ?"

"குடுத்தா வர்றேன். சாப்பிட்டியா?"

எப்போதும் இந்தக் கேள்வியோடு போன் முடிந்துவிடும்.

டிசம்பர் 9, ஞாயிறு

அப்பா தன் பஞ்சர் கடைக்கு வெளியே லாரி டயரில் தண்ணீர் ஊற்றிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமலே சொன்னேன், "அம்மா அட்டை மாத்த வருவா. பதிவேட்டுப் புத்தகம் வேணும்."

"பெட்டியில இருக்கு" என்றார். டயரைத் திருப்பினார். "அதுல அவ பக்கத்தை நான் ஒண்ணும் கிழிச்சுப் போடலே."

2003 சந்திரப் புத்தாண்டில் நடந்த சண்டையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை. அம்மா என்னைத் தன்னோடு தொங்குவானுக்குக் கூட்டிப்போக வந்திருந்தாள். எனக்கு ஒரு சிவப்புப் பை வாங்கி வந்திருந்தாள். அப்பா விடவில்லை. என் பதிவு இங்கே. அங்கே பள்ளியில் சேர்க்க மாட்டார்கள், சேர்த்தாலும் கல்லூரி நுழைவுத் தேர்வை இங்கே வந்துதான் எழுத வேண்டும். "புள்ள படிக்கணுமா, உன் கூட லைன் வீட்டுல உட்கார்ந்து ஷூ ஒட்டணுமா?" என்று கத்தினார். அவர் சொன்னது சரிதான். நான் பட்டதாரி. யாரும் தப்பு செய்யவில்லை. பிறகு அம்மா வரவேயில்லை.

டிசம்பர் 21, வெள்ளி

இன்று உலகம் அழியும் என்று ஊரெல்லாம் பேச்சு. வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

"உலகமே அழியப் போகுது, எதுக்கு அட்டை?" என்று ஒருவரிடம் லோங் அக்கா கேட்டாள்.

"அங்கே போனாலும் கேட்பாங்களே மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

இன்னும் பத்து நாள்.

டிசம்பர் 24, திங்கள்

வந்தாள்.

எண் 63. நான்தான் மைக்கில் கூப்பிட்டேன். ஹுவாய்ஹுவாவில் ரயிலிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, நேராக இங்கே வந்து, டோக்கன் எடுத்து, ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டும் முன்னால் வரவில்லை. வெள்ளைப் பஞ்சு ஜாக்கெட். முடியில் நரை. என்னைவிடக் குள்ளம். நான் வளர்ந்துவிட்டேன் என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது போல் இருந்தது.

"உட்காருங்க" என்றேன். நீங்க! அம்மாவை நீங்க என்று கூப்பிட்டேன். பின்னால் ஆட்கள் இருந்தார்கள், வாயில் அதுதான் வந்தது.

அவளும், "சரிங்க" என்றாள்.

வெள்ளைச் சட்டை படத்தில் பின்னணியோடு கலந்துவிடும். அதற்காக ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொள்வார்கள். நான் என் நீல ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். கை நீளமாக இருந்தது. மடித்துவிட்டேன். காதுகள் தெரிய வேண்டும் என்று முடியை ஒதுக்கினேன். விதிப்படிதான்.

ரேகை விழவில்லை. வலது கட்டைவிரல், நான்கு முறை. பிறகு இடது. பதினான்கு வருடமாகப் பசையும் அதைத் துடைக்கும் திரவமும் பட்டு, விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. "மறுபடி அழுத்தவும்" என்று இயந்திரம் சொல்லிக்கொண்டேயிருந்தது. நான் அந்த விரலை என் கைக்குள் வைத்துச் சூடாக்கினேன், வாயால் ஊதினேன், மறுபடி அழுத்தினேன். வரிசை முணுமுணுத்தது. லோங் அக்கா திரும்பி, "மெஷின் புதுசு, அவசரப்பட்டா உடைஞ்சு போகும்!" என்று கத்தினாள். எனக்கு விழாமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. கடைசியில் இடது ஆள்காட்டி விரல் விழுந்தது.

அப்பா பதிவேட்டோடு வந்தார். சட்டைக் கையால் புத்தகத்தின் மேலுறையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பஸ்ல கூட்டமா?"

"உட்கார இடம் கிடைச்சுது."

பத்து வருடத்துக்கு அவ்வளவுதான்.

ரசீதை நீட்டினேன். ஒரு மாதத்தில் புது அட்டை வந்துவிடும்.

"தபால்ல அனுப்ப முடியுமா?"

"நேர்ல வந்துதான் வாங்கணும்."

அம்மா யோசித்தாள். "அப்போ புத்தாண்டுக்கு வர்றேன்." ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தாள். மூன்று மணி பஸ், பிறகு ராத்திரி ரயில். நாளை வேலைக்குப் போகவேண்டுமாம்.

புத்தாண்டுக்கு வருகிறாள். சந்திரப் புத்தாண்டு, பிப்ரவரி பத்து.

டிசம்பர் 25

ஒன்றை எழுதாமல் விட்டேன். வீட்டு ஆட்கள் ரசீதும் பதிவேடும் காட்டி அட்டையை வாங்கிக்கொள்ளலாம். தினமும் பத்துப் பேர் வாங்குகிறார்கள். அது மட்டுமில்லை. புதியது வரும்வரை தற்காலிக அட்டை வேண்டுமா என்று எல்லோரிடமும் கேட்பேன். நேற்று அவளுக்கு முன்னால் வந்த அறுபத்திரண்டு பேரிடமும் கேட்டேன்.

அம்மாவிடம் கேட்கவில்லை. மறந்துபோனேனா?

ஸ்வெட்டரைத் துவைக்கவில்லை.

2013 ஜனவரி 1

பழைய அட்டைகள் இன்றிலிருந்து வெறும் பிளாஸ்டிக்.

ஜனவரி 23

மாகாணத் தலைநகரிலிருந்து பெட்டி வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். அம்மாவுடையது 207-ஆவது. படத்தில் என் ஸ்வெட்டர். இந்த முறை கேமராவை நேராகப் பார்த்திருக்கிறாள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றது நான்.

மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். புத்தாண்டுக்குப் பதினெட்டு நாள்.

ஜனவரி 25, வெள்ளி

அம்மா போன் செய்தாள். குரலில் சிரிப்பு. அழுகையை மறைக்கும்போது எனக்கும் அப்படித்தான் வரும்.

"ரயில் டிக்கெட்டுக்கு ஏழு மணி நேரம் வரிசையில நின்னேன். ஜன்னல்கிட்ட போனா பழைய அட்டை செல்லாதாம், டிக்கெட் குடுக்க மாட்டாங்களாம். புது அட்டையைக் கொண்டா அப்படிங்கிறான் அந்தப் பையன். அதை வாங்கத்தானே தம்பி டிக்கெட் கேக்கிறேன்னேன். அடுத்த ஆள் அப்படின்னுட்டான்."

இழுப்பறைச் சாவி என் பையில் இருந்தது.

"விடு. அட்டை இல்லாட்டி என்ன, வேலையா போயிடும்? நீ சாப்பிட்டியா?"

இப்போது ரயில் டிக்கெட்டுக்குப் பேரும் செல்லுபடியாகும் அட்டையும் வேண்டும். எனக்குத் தெரியாதா? இந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எனக்கா தெரியாது? அவளை வரவைக்கப் பூட்டி வைத்தேன். அந்தப் பூட்டுதான் அவளை அங்கேயே நிறுத்திவிட்டது. என்ன மாதிரிப் பெண் நான்? போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சாப்பிட்டேம்மா" என்றேன். சாப்பிடவும் இல்லை.

ஜனவரி 28

லோங் அக்காவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். தரையைப் பார்த்துக்கொண்டு.

திட்டுவாள் என்று நினைத்தேன். "படிச்ச புள்ளைங்க தப்பு பண்ணினாலும் விதியைக் காட்டித்தான் பண்ணுவீங்க" என்றாள். பிறகு, "ரசீது அவகிட்ட இருக்கட்டும், பதிவேட்டைக் காட்டிக் கையெழுத்துப் போடு. நீ வீட்டு ஆள் தானே? எடுத்துட்டுப் போ."

"டிக்கெட் கிடைக்காது அக்கா. புத்தாண்டுக் கூட்டம்."

"அசடு. கூட்டமெல்லாம் தெற்கே இருந்து வீட்டுக்கு வர்ற கூட்டம். இங்கேர்ந்து தெற்கே யாரு போறா? படுத்துக்கிட்டே போகலாம்."

பிப்ரவரி 7, வியாழன்

ஹுவாய்ஹுவா ரயில் நிலையம்.

அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். எதிரே வெளியேறும் வாசலில் மூட்டையும் குழந்தையுமாக ஆட்கள் கொட்டிக்கொண்டேயிருந்தார்கள். உள்ளே போகும் வாசலில் நானும் இன்னும் நான்கு பேரும்.

"ஊரே வீட்டுக்கு வருது, நீ மட்டும் போற" என்றார். 

"புத்தாண்டுக்குத் தனியாத்தான் சாப்பிடணும் நீங்க."

"டயரு இருக்கு" என்றார். பிறகு கைப்பிடியில் மாட்டியிருந்த பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். புகையில் காயவைத்த பன்றி இறைச்சி. கொழுப்பு இல்லாத பக்கமாகப் பார்த்து வெட்டியது. அவருக்குக் கொழுப்புதான் பிடிக்கும். எனக்கும் கொழுப்புதான் பிடிக்கும்.

பெட்டியில் என்னோடு மூன்று பேர். அட்டை உள்சட்டைப் பையில் இருக்கிறது.

பிப்ரவரி 9, சனி. தொங்குவான்

புத்தாண்டுக்கு முந்தைய நாள். அம்மாவின் அறை: கட்டில், மின்னடுப்பு, கயிற்றில் இரண்டு சட்டை. சந்தில் எல்லாக் கடையும் பூட்டு.

நேற்றே அட்டையைக் கொடுத்துவிட்டேன். இன்றுதான் மற்றதைச் சொல்ல முடிந்தது. அவள் மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். முதுகிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

"நான் பொய் சொன்னேம்மா. நானே உன் அட்டையை வாங்கி அனுப்பியிருக்கலாம். தற்காலிக அட்டையும் உண்டு. கேக்காம விட்டேன்."

கத்தி நிற்கவில்லை.

"உன் தலைக்குப் பின்னாடிதானே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தற்காலிக அட்டை, அன்னிக்கே கிடைக்கும்னு. இவ்வளவு பெரிய எழுத்துல. வரிசையில நின்ன ஒரு மணி நேரமும் அதையும் உன்னையும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்போ நீ ஏன் கேக்கலே?"

"நீ ஏன் சொல்லலே?"

மீனைக் கழுவினாள். வருவதற்குக் காரணம் வேண்டியிருந்ததா அவளுக்கு, வராமலிருக்கச் சாக்கு வேண்டியிருந்ததா? இரண்டும்தானோ. 

காலையில் நான் தூங்கும்போதே என் அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் வந்திருக்கிறாள். மேசையில் மூன்று டிக்கெட். பன்னிரண்டாம் தேதி ஹுவாய்ஹுவாவுக்கு இரண்டு. பதினாறாம் தேதி திரும்பி வர ஒன்று, அவள் பேரில். "ஜன்னல்ல அட்டையை வச்சதும் பீப்னு சத்தம் வந்தது. அந்தப் பையன் முகத்தையே பார்க்கலே" என்றாள், ஏதோ பரிசு வாங்கியவள் போல.

பதின்மூன்றாம் தேதி போய்ச் சேருவோம். வீட்டில் மூன்று நாள். திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். நான் எண்ணிப் பார்த்துவிட்டு அடுக்கி வைத்தேன்.

பொழுது சாய, அப்பா போன் செய்தார். இரண்டு கையிலும் பசை போல. போனை எங்கேயோ வைத்துவிட்டுக் கத்தினார். "கதவுக்குப் புத்தாண்டுச் சிவப்புத் தாள் ஒட்டிக்கிட்டு இருக்கேன். நேரா இருக்கான்னு தள்ளி நின்னு சொல்ல ஆளில்லே. பசை காயுது."

இங்கே ஒலிபெருக்கியில் வைத்திருந்தேன். அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"இடது பக்கம் ஏறியிருக்கும். அந்த மனுஷன் எப்பவும் அப்படித்தான் ஒட்டுவார்."

அந்தப் பக்கம் தாள் உரியும் ஓசை.

"யாரு பேசறது?" என்றார் அப்பா.

போனை அம்மாவிடம் நீட்டினேன்.